இரும்பன் புளியும் இரைகிற தொட்டியும்

பாட்டாவின் கத்திரியில் துரு ஏறினால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. பாலராமபுரம் சாலியர் தெருவில் கத்திரி என்றால் தறிக்கத்திரி. அறுந்த இழையை முடிந்தபின் நுனி நறுக்குவது. அலகில் கடுகளவு துரு இருந்தாலும் கசவு முண்டின் வெள்ளையில் பழுப்புப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். சவுக்காரத்துக்கு அசையாது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் சௌகரியமாக உட்காரும். முண்டு எடுக்க வரும் வியாபாரி கண்ணாடி போடாமலே அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மா, எங்கள் முன்னோரை நாகர்கோவில் பக்கமிருந்து கொண்டுவந்து இங்கே குடிவைத்தாராம். ஊருக்கே அவர் பெயர். நெய்ய இடம் கொடுத்தவர், இடவப்பாதி மழையையும் சேர்த்தே கொடுத்தார். குழித்தறிக்கு ஈரம் நல்லதுதான், பாவு இழை சட்டென்று அறாது. கத்திரிக்குத்தான் ஆகாது.

அதற்குப் பாட்டாவிடம் வைத்தியம் இருந்தது. கொல்லையில் இரும்பன் புளி, பெயரிலேயே இரும்பைக் கட்டிக்கொண்டு, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்த்து நிற்கும். பத்துக் காயைப் பறித்து நசுக்கி, மண்சட்டியில் கத்திரியை ஊறப்போடுவார். சாயங்காலம் சாறு மஞ்சள் கலந்த பச்சையாகியிருக்கும். துரு சாற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். தேங்காய்ச் சகிரியால் தேய்ப்பது, கழுவுவது எல்லாம் என் வேலை. உடனே அடுப்படிச் சூட்டில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதை மட்டும் என்னிடம் விடமாட்டார். மறுநாள் தறியில் இறங்குமுன் அந்த எண்ணெயைக் கழிவுநூலால் ஒற்றி எடுப்பதும் அவரேதான்.

இன்று அந்த இடத்தில் மரம் இல்லை, கார் நிற்கிறது. தறியும் இல்லை. கத்திரி மட்டும் பரணில் கிடந்தது. நெய்யாற்றின்கரையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, எங்கிட்டத் தாங்க, அல்ட்ராசானிக்ல போட்டுத் தாரேன்" என்றான்.

கார்புரேட்டர் கழுவ வாங்கிய மூன்று லிட்டர் தொட்டி. சுவிட்சைப் போட்டதும் வண்டு பொந்துக்குள் இரைகிற மாதிரி ஒரு சத்தம். நொடிக்கு நாற்பதாயிரம் அதிர்வு; நீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறந்து வெடிக்கும், அந்த அடியில் அழுக்கு பெயரும் என்று விளக்கினான். "துருவும் அதிலயே போயிருமா?" என்றேன். "அதுக்கு மருந்து ஊத்தணும்" என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினான். ஆக்ஸாலிக் அமிலம்.

பாட்டாவின் சட்டியில் இருந்ததும் அதுதான். இவனுக்குக் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. அவருக்கு இருந்ததெல்லாம் பல்கூச்சம்தான், நசுக்கும்போது ஒரு காயைக் கடித்துக்கொள்வதால். பயப்படவேண்டிய சரக்கு என்பதும் உண்மை. கொழுப்புக் குறையுமென்று இந்தக் காயைச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போன பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்களே 2013இல் எழுதியிருக்கிறார்கள். மீன்கறியில் நாலு காய் போடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இருபது நிமிஷம். பாட்டா ஒரு பகல் ஊறவைத்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. திருகாணியின் பள்ளத்திலும் துருவில்லை. நான் பிறக்குமுன் கொல்லன் அடித்த முத்திரைகூடத் தெரிந்தது. தண்ணீரில் அலசி, கொண்டுவந்து எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனான். வெளியே மழை.

காலையில் அலகு முழுக்கச் செம்மஞ்சள். போனில் கூப்பிட்டேன். "ஐயோ மாமா, எண்ணெ போட மறந்துட்டேன். மருந்து பட்ட இரும்பு மேல் தோல் இல்லாத மாதிரி, ஈரம் பட்டா உடனே பிடிச்சிரும். மறுபடி கொண்டாங்க."

கொண்டுபோகவில்லை. அடுத்த வீட்டுச் சேச்சியின் மதிலுக்கு மேல் இரும்பன் புளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்துக் காய் கேட்டேன். "மீனுக்காணோ?" என்றார்.

ஆமாம் என்றேன்.