பங்கு வைத்தவனுக்குக் கடைசிப் பங்கு

ஏம் பாப்பா, உன்னை வக்கீலுக்குப் படிக்க வைக்காதது என் தப்புதான். புனேயில, கோத்ரூட் நாலாவது மாடியில, இப்படி ஒரு கோர்ட்டு நடக்குதுன்னு சொன்னா ஊர்ல எவன் நம்புவான்? காலையில ரிமோட் வழக்கு, மத்தியானம் ஜன்னலோர சீட்டு வழக்கு, ராத்திரி பாகர்வடிப் பலகார வழக்கு. அண்ணனுக்கு எட்டு, எனக்கு ஏழுதான்னு சின்னவன் அப்பீல் பண்றான். நீயும் அடுப்பை அணைச்சுட்டு எண்ண உக்காந்துட்டே!

நேத்து மாப்பிள்ளை என்னைக் கசபா பேட்டை லால் மஹாலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இப்ப நிக்கிறது புதுசாக் கட்டினது. சிவாஜி சின்ன வயசுல இருந்த இடம். அப்பன் ஷாஹாஜி பெங்களூர்ல; ஜீஜாபாய்தான் இங்க வச்சு ஆளாக்கினா. இன்னொரு தாய் வயித்துத் தம்பி ஏகோஜி, அதான் நம்ம தஞ்சாவூரைப் பிடிச்சவன். அப்பன் 1664ல கண்ணை மூடினாரு. 1677ல அண்ணன்காரன் பாகம் கேட்டு வந்து இறங்கினது எங்க தெரியுமா? நம்ம அக்கரைத் திருமழபாடியில! தம்பி போய்ப் பார்த்தான், பேசினான், பேச்சு சரிப்படலை. ராத்திரியோட ராத்திரியா கொள்ளிடத்தைத் தாண்டி ஓடிட்டான். அப்புறம் ஒரு சண்டை, அதுக்கப்புறம் ஒரு உடன்படிக்கை. கோட்டை கொத்தளம் வச்சிருந்தவங்களுக்கே அந்தப் பாடு. உனக்குப் பாகர்வடியோட போகுதே!

எங்க அப்பாயி எண்ணிப் பார்த்ததே இல்லை. மாம்பழம் ஒண்ணுன்னா, கத்தி என் கையில. முதல்ல எடுக்கிறவன் என் தம்பி. நான் அறுத்த கோட்டைப் பார்த்துத் தட்டானே அசந்து போவான்.

இன்னொண்ணு. பெரியவனுக்குப் பதினொரு வயசு. ஷூ கயிறு நீ கட்டுறே, பையை மாப்பிள்ளை தூக்குறாரு, டப்பாவை நான் கழுவுறேன். பாவம், மூச்சை மட்டும் அவனே விட்டுக்கிறான். அதுக்கும் ஒரு ஆள் வைக்க முடியுமான்னு விசாரி.

காலையில நீ குளிக்கப் போனப்போ ரெண்டு பயலையும் கீழ்க்கடைக்குப் பால் வாங்க அனுப்பினேன். முறைக்காதே. பை ஒருத்தன்கிட்ட, காசு இன்னொருத்தன்கிட்ட. இவன் இல்லாம அவன் என்ன பண்ணுவான்? போகும்போது அடிச்சுக்கிட்டே போனானுங்க. வரும்போது தோள்மேல கை. மிச்சக் காசை என்ன பண்றதுன்னு ஒரே குசுகுசு. என்ன பண்ணினானுங்கன்னு என்கிட்ட கேக்காதே, தாயி. எனக்கும் ஒரு மிட்டாய் வந்துச்சு.