சுற்றறிக்கையார்

பாடியவரின் இயற்பெயர் கிடைக்காத இடத்தில், அவர் பாட்டில் பதிந்த தொடர் ஒன்றையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கியது சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தோர் கைக்கொண்ட முறை. அம்முறையைப் பின்பற்றி, இக்காலக் கல்லூரி ஆசிரியர் அறைகளில் தவறாது காணப்படும் ஒரு வகை மனிதரைச் சுற்றறிக்கையார் என்று அழைப்பது பொருந்தும்; பெற்றோர் இட்ட பெயர் எதுவாயினும், அவர் நாவில் நாள்தோறும் நிலைபெற்ற தொடர் "சுற்றறிக்கை வந்துவிட்டது" என்பதே. சுற்றறிக்கை என்பது மேலிடம் ஒன்று கீழிடங்கள் பலவற்றுக்கும் ஒரே வாசகத்தில் அனுப்பும் அறிவிப்பு. அது படிக்கப்படுவதற்காக அன்றிக் கோப்பில் கோக்கப்படுவதற்காகவே எழுதப்படுகிறது என்னும் பொதுவிதிக்கு அவர் ஒருவரே விலக்கு. அவர் அதை இருமுறை படிப்பார், அடிக்குறிப்பையும் படிப்பார், நகல் பெறுவோர் பட்டியலில் யார் பெயர் இம்முறை விடுபட்டிருக்கிறது என்பதையும் கண்டு, அதிலிருந்து மேலிடத்தின் மனநிலையை ஊகித்துச் சொல்வார்.

திருநெல்வேலி முதல் குவாகாத்தி வரை எங்கும் விளையும் இப்பயிர், கொல்கத்தாவின் பவானிபூரில் தனிச்செழிப்போடு வளர்வதற்கு அப்பகுதியின் மண்வாகும் ஒரு காரணம். அங்கு 1916இல் தெற்குப் புறநகர்க் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி, கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி 1924இல் மறைந்தபின் அவர் பெயரைத் தாங்கிய அசுதோஷ் கல்லூரி பகலில் நடக்கிறது. அதன் மகளிர் பிரிவாக 1932இல் பிறந்து, அவர் மனைவி பெயரால் வழங்கும் யோகமாயா தேவி கல்லூரி காலையில் நடக்கிறது. 1945இல் மாலைப் பிரிவாகத் தொடங்கியது மகன் சியாமாபிரசாத்தின் பெயரைக் கொண்டது. தாய்க்குக் காலை, தந்தைக்குப் பகல், மகனுக்கு மாலை என்று ஒரே அடுப்பில் மூன்று வேளைச் சமையல் நடக்கும் இத்தகைய ஊரில், காலையில் பிறந்த நிதிச்செய்தி ஒன்று மாலைக்குள் மூன்று தலைமுறை கண்டு, பிறந்தபோது லட்சமாக இருந்தது பேரனாகும்போது கோடியாகிவிடுவது இயல்பு. (இச்சித்திரம் மேற்கண்ட கல்லூரிகளில் எதையும் குறிப்பதன்று, சுற்றறிக்கையார் மூச்சுவிடும் காற்று எத்தகையது என்பதைக் காட்டவே அவை சொல்லப்பட்டன.)

பவானிபூரின் நடுவே ஓடும் பெருஞ்சாலை நெடுங்காலம் ரஸா ரோடு என்று வழங்கியது. இன்று அதன் வடபகுதி தந்தை பெயரையும் தென்பகுதி மகன் பெயரையும் பெற்றிருக்கிறது. 2013இல் ஒன்றிய அரசு, மாநிலக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பணம் வழங்குவதற்கென்று ராஷ்ட்ரிய உச்சதர் சிக்ஷா அபியான் என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முதலெழுத்துகள் சேர்ந்து ரூசா என்றாயின. "ரூசா வருகிறது" என்று சுற்றறிக்கையார் அலுவலகத்தில் முழங்க, வங்காளத்தில் பொரோ பாபு என்று அழைக்கப்படும் மூத்த தலைமை எழுத்தர் தலைநிமிர்ந்து "மறுபடியும் தோண்டப் போகிறார்களா?" என்று கேட்டால் அவரைக் குறைசொல்ல இடமில்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் பவானிபூர். அதற்காக அச்சாலை ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்ததைப் பார்த்த கண்களுக்கு, வருகிறது என்று எவர் எதைச் சொன்னாலும் முதலில் பள்ளமே தெரியும்.

சுற்றறிக்கையாரின் புலமை, பணத்தின் பருவங்களைப் பகுத்தறிவதில் அடங்கியிருக்கிறது. பாமரர் பணம் வந்தது, வரவில்லை என்ற இரண்டே நிலைகளை அறிவர். அவரோ ஐந்து நிலைகளை அறிவார். தமிழர் திருமண முறையைக் கொண்டு விளக்கினால் அவை எளிதில் விளங்கும். திட்டம் அறிவிக்கப்படுவது ஜாதகம் கேட்டு அனுப்புவது. கொள்கை அளவிலான ஒப்புதல் பெண் பார்த்துவிட்டுப் போவது. நிர்வாக ஒப்புதல் நிச்சயதார்த்தம். முதல் தவணை விடுவிக்கப்பட்டதாக ஆணை வருவது பத்திரிகை அச்சடித்தல். கல்லூரியின் வங்கிக் கணக்கில் தொகை ஏறுவதுதான் தாலி. ரூசாவில் பொதுவாக நூற்றுக்கு அறுபது பங்கை ஒன்றியமும் நாற்பது பங்கை மாநிலமும் ஏற்க வேண்டியிருந்ததால், எந்த வீட்டார் முதலில் தட்டை நீட்டுவது என்ற சம்பந்தி மரியாதைப் பேச்சும் இடையில் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் சுற்றறிக்கையார் தம் செலவில் சந்தேஷ் வாங்கி வருவார். பவானிபூரில் 1885இலிருந்து வாணிகம் செய்யும் இனிப்புக் கடை ஒன்று இருக்கும்போது அது கடினமும் அன்று. பால்திரட்டில் செய்த அவ்வினிப்பை நான்கு முறை தின்றபின், தாலி நாளில் வாங்க அவருக்கும் கைவராது, தின்ன மற்றவருக்கும் வாய்வராது. எனவே பணம் உண்மையாகவே வந்துசேர்ந்த செய்தி அக்கல்லூரியில் பெரும்பாலும் ஓசையின்றிக் கழிந்துவிடும்.

வந்த பணத்தைச் செலவழிப்பது வராத பணத்துக்கு மகிழ்வதைக் காட்டிலும் கடினம். ரூசாவின் கட்டமைப்பு மானியம் கல்லூரி ஒன்றுக்கு 2 கோடி ரூபாய் என்று வகுக்கப்பட்டபோது, அதில் நூற்றுக்கு 35 பங்கு புதுக்கட்டுமானத்துக்கு, 35 பங்கு பழையதைப் புதுப்பிப்பதற்கு, 30 பங்கு கருவிகளுக்கு என்று கூறுபோடப்பட்டது. நூலகக் கூரை ஒழுகும் ஒரு கல்லூரியில் இக்கூறுபாடு எழுப்பும் சிக்கலைச் சுற்றறிக்கையார் தருக்க நூலார் வியக்கும் தெளிவோடு எடுத்துரைப்பார்: ஒழுகும் ஓட்டையை அடைத்தால் அது புதுப்பித்தல், ஒழுகும் கூரைக்குமேல் இன்னொரு மாடி எழுப்பினால் அது புதுக்கட்டுமானம், ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்தால் அது கருவி. மூன்றில் எதற்குப் பணம் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தே மழைநீரின் கதி அமையும். அதற்கான குழுக்கூட்டம் நடந்து முடிவதற்குள் காளிகாட்டுப் பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்து, தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும்.

அவருடைய வித்தையின் மறுபாதி ஆசிரியர் மேம்பாடு. பணியில் இருக்கும் ஆசிரியர் பணியை விட்டுச் சில வாரம் நீங்கியிருந்து, பணியை எவ்வாறு செய்வது என்று கற்றுவருவதே இதன் இலக்கணம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு அதற்கென்று ஆசிரியர் பயிற்சி நிலையங்களை நிறுவியது. பணிக்குப் புதியவருக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், பழகியவருக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் அங்கு நடந்தன. அந்நிலையங்கள் 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. பிற்பகல் மூன்றரை மணிக்கு மண்குவளைத் தேநீரோடு வரும் சிங்காரா, அதாவது வங்காளத்துச் சமோசா, அதே பெயரில் அதே உருளைக்கிழங்கோடு நீடிக்கிறது. ஒரு நிலையத்தின் உயிர் எதில் இருக்கிறது என்று ஆராய்வோர் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

இப்பயிற்சிகளை வெறும் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் சம்பள அட்டவணையைப் பார்த்ததில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் மேல்நிலையான பன்னிரண்டாம் படிக்கு நுழைவுச் சம்பளம் 79,800 ரூபாய்; இணைப் பேராசிரியராகி 13-ஏ என்னும் படியில் கால்வைத்தால் 1,31,400 ரூபாய். இவ்விரண்டுக்கும் நடுவே, முனைவர் பட்டம் முதலிய பிற தகுதிகளோடு, இரண்டு வாரப் பயிற்சி ஒன்றின் சான்றிதழும் காவல் நிற்கிறது. அத்தனை உயர வித்தியாசமுள்ள ஒரு படியை ஏற, பதினான்கு நாள் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும் என்றால் அமராதவர் யார்? ஆகவே பூஜை விடுமுறைக்கு முன் எந்த மையத்தில் எந்தப் பாடத்தில் இடம் மீந்திருக்கிறது என்ற செய்தி, சுற்றறிக்கையாரின் வாயிலிருந்து உதிரும்போது, அவரை அண்ணன் என்னும் பொருளில் தாதா என்று விளிக்கும் இளைய ஆசிரியர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வர். (அச்சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள் உண்டு. பயிற்சி இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருகிறவருக்கு இரண்டும் பொருந்தும்.) "தாதா, சுற்றுச்சூழல் கிடைக்கவில்லை, பாலினச் சமத்துவம்தான் இருக்கிறது" என்று வேதியியல் ஆசிரியர் முறையிட்டால், "எதுவானாலும் எடுத்துக்கொள் தம்பி, சான்றிதழில் நாள் கணக்குத்தான் பேசும்" என்று அவர் தேற்றுவார்.

2010ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குமுறைகள், ஆசிரியரின் ஒவ்வொரு செயலுக்கும் மதிப்பெண் இட்ட காலமே சுற்றறிக்கையாரின் பொற்காலம் எனலாம். இரண்டு வாரப் பயிற்சிக்கு 20 புள்ளி, ஒரு வாரத்துக்கு 10 புள்ளி. தேசியக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் ஏழரை, பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தால் பத்து. தேசியத்துக்கும் பன்னாட்டுக்கும் இடையே உள்ள தூரம் இவ்வாறு இரண்டரைப் புள்ளி என்று அளந்து சொல்லப்பட்டவுடன், அத்தூரத்தைக் கடக்கும் மலிவான வழி கொல்கத்தாவுக்கு எளிதில் புலப்பட்டது. டாக்காவிலிருந்து ஓர் அறிஞர் வந்து, அதே வங்காளத்தில் பேசி, அதே மீன்குழம்பைச் சாப்பிட்டு, கடவுச்சீட்டோடு திரும்பிப் போனால் கருத்தரங்கு பன்னாட்டுத் தகுதி பெற்றுவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் கடந்து சென்னையிலிருந்து வந்து, ஒரு சொல்லும் புரியாமல் விழிக்கும் தமிழறிஞரால் அந்த இரண்டரைப் புள்ளியைத் தர இயலாது.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்க 1994இல் நிறுவப்பட்டு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மதிப்பீட்டு அவை, தன் ஆங்கில முதலெழுத்துகளால் நாக் எனப்படுகிறது. தமிழ்க் காதுக்கு அது நாக்கு; வங்காளியருக்கோ நாக் என்றால் மூக்கு. ஒரே குழு தெற்கே சுவை பார்ப்பதாகவும் கிழக்கே மோப்பம் பிடிப்பதாகவும் உணரப்படுவதில் பெரும் பிழையில்லை. குழு வரும் வாரத்தில் கழிப்பறைகளின் மணமும் மதிய உணவின் சுவையும் ஒருசேர உயர்வதை இரு மாநிலத்தாரும் கண்டிருக்கின்றனர். அவ்வாரத்தில் சுற்றறிக்கையார் உறங்குவதில்லை. ஐந்தாண்டுகளின் வருகைத்தாள், புகைப்படம், தேநீர்ச் செலவுச் சீட்டு ஆகிய அனைத்தும் அவருடைய இரும்பு அலமாரியில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும்; நடந்த நிகழ்ச்சிக்குச் சான்று இருப்பது எல்லாக் கல்லூரியிலும் உண்டு, அவரிடம் நிகழ்ச்சி மறந்துபோன சான்றும் உண்டு.

இத்தனையும் அசுதோஷ் முகர்ஜி வாழ்ந்த பேட்டையில் நடப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1907 முதல் கல்கத்தாவில் அரசுக் கணக்குத்துறையில் அலுவல் பார்த்துக்கொண்டு, அலுவல் நேரத்துக்கு அப்பால் இயற்பியல் ஆய்வு செய்துவந்த தமிழ் இளைஞர் ஒருவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியில் அமர்த்த அவர் முற்பட்டபோது, அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. இளைஞர் பயிற்சிக்குச் செல்ல மறுத்தார், அசுதோஷ் நிபந்தனையைத் தளர்த்தினார், 1917இல் சி.வி. ராமன் பேராசிரியரானார். 1921இல் ஆக்ஸ்போர்டில் கூடிய பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்று கப்பலில் திரும்பும் வழியில் கடலின் நீலத்தை உற்றுநோக்கிய ராமனைப் பற்றிச் சுற்றறிக்கையாரிடம் சொன்னால், "பன்னாட்டு மாநாடு, பத்துப் புள்ளி. கடலைப் பார்த்ததற்குத் தலைப்பு இல்லை" என்பார். 1922இல் வங்காள அரசு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயைக் கட்டுப்பாடுகளோடு தர முன்வந்தபோது, துணைவேந்தராயிருந்த அசுதோஷ் செனட்டில் எழுந்து அப்பணமே வேண்டாம் என்று முழங்கியது வங்காளத்தில் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த கதை. சுற்றறிக்கையாரும் அதை ஆண்டுதோறும் நிறுவனர் நாளில் கண்ணீர் மல்க எடுத்துரைப்பார். மேடையிலிருந்து இறங்கியதும், அந்த இரண்டரை லட்சத்தை முதலில் வாங்கிவிட்டு, நிபந்தனைகள் குறித்து விளக்கம் கோரி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் என்று பக்கத்திலிருப்பவரிடம் மெதுவாகச் சொல்வார்.

அவரை எள்ளுவது எளிது. அவரின்றி ஒரு மார்ச் மாதத்தைக் கடப்பது எளிதன்று. நிதியாண்டு 31ஆம் தேதி முடிகிறது. அதற்குள் பணத்தைச் செலவிட்டு, பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயனீட்டுச் சான்றிதழ், அதாவது கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்கே செலவானது என்ற உறுதிமொழி, அனுப்பாவிட்டால் அடுத்த தவணை கிடையாது. விலைப்புள்ளி மூன்று, ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று, கணக்குத் தணிக்கையாளர் கையொப்பம் ஒன்று என்று இரவு பத்து மணிவரை அவரும் பொரோ பாபுவும் அமர்ந்திருக்க, மாலைக் கல்லூரி மாணவர்களும் போய்ச் சேர்ந்த கட்டடத்தில் அந்த ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸைப் பற்றி அவர் நடத்தும் வகுப்பு ஒருகாலத்தில் பக்கத்துக் கல்லூரி மாணவரையும் ஈர்த்தது என்று மூத்தோர் சொல்வர். அதற்குப் புள்ளி எதுவும் வரையறுக்கப்படவில்லை; அவரும் அதைக் கோரியதில்லை, காலப்போக்கில் அவ்வகுப்பு நடப்பதும் அருகியது.

மேற்கு வங்கத்தில் கல்லூரி ஆசிரியரின் ஓய்வு வயது 2019இல் 65 ஆக உயர்த்தப்பட்டதும் அவர் முதலில் படித்துச் சொன்ன சுற்றறிக்கையே. அதன்படி தம் முறை வந்து, பிரிவுபசார விழாவில் சால்வையும், கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டிதழும் அவர் கையில் கொடுக்கப்படும்போது, அவையோர் அவர் கண்கலங்குவதை எதிர்பார்த்திருக்க, அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாராட்டிதழை மேலிருந்து கீழாகப் படிப்பார். பின்பு முதல்வர் பக்கம் சாய்ந்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது குறிப்பிடப்படவில்லையே, வரிசை எண்ணையும் காணோமே என்று கவலையோடு கேட்பார். பொரோ பாபு அதை வாங்கிச் சென்று எண்ணிட்டு, முத்திரை குத்தி, ஒப்பமிட்ட நகல் இரண்டோடு திரும்பிக் கொணரும்வரை விழா காத்திருக்கும்.