முதல் பாடமே தடைதான்

கேள்வி: படுக்கையறைச் சிக்கலுக்கு ஆலோசகரிடம் போகலாம் என்றால், "லிட்டில் இந்தியா முழுக்கத் தெரிந்துவிடும்" என்று கணவர் பதறுகிறார். அங்கே என்னதான் செய்வார்கள்?
– ஒரு வாசகி, ஜோர்ஜ்டவுன், பினாங்கு

பதில்: பேசுவார்கள், சகோதரி; பேச்சு மட்டும்தான். உடம்பைப் பார்ப்பது மருத்துவர் வேலை. முதலில் அவரிடம் போங்கள். மலேசிய இந்தியரிடையே இனிப்பு நீர் நோய் அதிகம். அது நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுப்பதால், ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம். ஆண்மையைச் சந்தேகிக்கும் முன் ரத்தத்தைச் சோதியுங்கள்.

அடுத்தது ஆலோசனை. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் நூலாக எழுதிய முறை இன்றும் வழக்கில் இருக்கிறது: தொடக்கத்தில் உடலுறவுக்கே தடை! வீட்டில் தொடுதல் மட்டும். தேர்வே இல்லையென்றால் தோற்றுவிடுவோம் என்ற பயம் எங்கிருந்து வரும்? தடையை மீறிவிட்டோம் என்று வெட்கத்தோடு வந்து நிற்கும் தம்பதியை எந்த ஆலோசகரும் கோபிக்கமாட்டார்.

ஊருக்குத் தெரியுமா? மலேசியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்; இரகசியம் காப்பது அவர் கடமை. தள்ளிப்போடவும் வேண்டாம்: முஸ்லிம் அல்லாத தம்பதியரில் ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், 1976ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக முதலில் சமரசக் குழுவிடம்தான் அனுப்புகிறது. அங்கே கட்டாயத்தில் பேசுவதை இப்போதே ஆசையோடு பேசலாமே! உங்கள் கணவர் இன்னும் தயங்கினால், முதல் முறை நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.