கோழிக்கு பிபிடி காட்டு கண்ணு

ஏங் கண்ணு, நீ இப்ப ஆலோசகராமா? எம்.பி.ஏ. ரெண்டாம் வருசம். மீசை இன்னும் செரியா மொளைக்கல. அதுக்குள்ள ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரிக்காரருக்குப் புத்தி சொல்லப் போறீங்களாம். அஞ்சு பேரு ஒரு டீமாம். லைவ் ப்ராஜெக்டாம். நெசக் கிளையண்டாம். யாருடா அந்தக் கிளையண்டுன்னு பாத்தா, நம்ம இட்டேறிக்கு அக்கட்டால கெழங்கு அரைக்கற மனுசன். நேத்து வரைக்கும் உனக்கு மாமன். இன்னைக்குக் கிளையண்டு ஆயிட்டாரு. மாமனுக்குத் தெரியுமா?

கேலி பண்றேன்னு கோவிச்சுக்காத. கேலிதான் பண்றேன். ஆனா ரோசனை நல்ல ரோசனை, அதை இல்லீங்கல. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1992லயே இதை ஆரம்பிச்சுட்டாங்களாம். மொத வருசப் புள்ளைங்க ஏழு வாரம் ஒரு கம்பெனியோட நெசமான சோலியை எடுத்துச் செய்யோணும். கேஸ் படிச்சே காலந்தள்ளுன ஹார்வர்டுக்காரங்க கூட 2012ல புள்ளைங்களைப் பொட்டி கட்டி வெளிநாட்டுக் கம்பெனிங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு? குஜராத்துல ஆனந்துல குரியன் 1979ல தொடங்குன இர்மாங்கற காலேஜுல, படிக்கற புள்ளைங்க கிராமத்துல போயித் தங்கோணும். பேன் காத்துல உக்காந்துக்கிட்டு பால்காரன் பொழப்பை எழுத முடியாதுன்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது. நம்ம சர்க்காரும் 2022ல நான் முதல்வன்னு ஒண்ணு கொண்டாந்து, அதுக்குள்ள நிரல் திருவிழான்னு வெச்சிருக்குது. தொழில்காரங்க சிக்கலைக் கேட்டு வாங்கி, காலேஜுப் புள்ளைங்க டீமு டீமா அதைத் தீக்கோணுமாம். திருவிழான்னு பேரு வெச்சது பொருத்தம்தான். கூட்டத்துக்குக் கொறைச்சலே இருக்காது.

செரி, நடக்கறதைச் சொல்றேன் கேளு.

முன்ன ஒரு டீமு இதே மாதிரி ஒரு மில்லுக்கு வந்துச்சு. எந்தக் காலேஜுன்னு கேக்காத. பைண்டு பண்ணுன ரிப்போர்ட்டு, மேல தங்க எழுத்து. உள்ள ஒரு யோசனை எழுதியிருந்தாங்க பாரு: கெழங்கு வெலை எறங்கறப்ப நெறைய வாங்கிக் குடோன்ல இருப்பு வெச்சுக்கிட்டு, வெலை ஏறறப்ப அரைக்கோணுமாம். படிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா குச்சிக்கெழங்கு என்ன புளியா, பானையில போட்டு மூடி வெக்க? பறிச்ச ரெண்டு மூணு நாள்ல உள்ளுக்குள்ள நீலம் பாஞ்சு கெட்டுப் போவும். அதனாலதான் சீசன்ல லாரி லைன் கட்டி நிக்குது, மில்லு ராவும் பகலும் ஓடுது. அந்த வெலையாச்சும் ஒரே வெலையா? மாவு எத்தனை பாயிண்டு நிக்குதுன்னு பாத்துத்தான் காசு. எடை மேடையில நிக்கற ஆளுகிட்ட சித்த நேரம் பழமை பேசியிருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும். அந்த ஆளுக்கு இங்கிலீசு வராது. புள்ளைங்க அவருகிட்டப் போகல.

இன்னொரு கூட்டம் கோழிப்பண்ணைக்குப் போச்சு. புரட்டாசியில பாதிச் சனம் கவுச்சி தொடாது, முட்டை தேங்கும். உடனே பிபிடி. அம்புக்குறி, கலரு, வட்டம். "தேவை கொறையறப்ப உற்பத்தியைக் கொறைங்க." யாருகிட்டச் சொல்ற கண்ணு? கோழி 20 வாரத்துல முட்டை வெக்க ஆரம்பிச்சா 72 வாரம் வரைக்கும், அதுக்கு மேலயும் வெச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குப் புரட்டாசி தெரியுமா? நீ லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயி கூண்டுக்கு முன்னால காட்டு. அது பாட்டுக்குத் தீவனத்தைக் கொத்தும்.

லாபக் கணக்கு அதை விட வேடிக்கை. பேப்பர்ல வர்ற, என்.இ.சி.சி.ங்கற பண்ணைக்காரங்க அமைப்போட வெலையை முட்டை எண்ணிக்கையால பெருக்கிப் போட்டுட்டாங்க. அப்பெல்லாம் அந்த வெலையில இருந்து மைனஸ் போட்டுக் கொறைச்சுத்தான் யாவாரி எடுத்தான்னு நாமக்கல்லுல டீக்கடைப் பையனுக்கும் தெரியும். பண்ணைக்காரரு அதைப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "நெம்ப நல்லாருக்குதுங்க தம்பி." டீயும் மிச்சரும் குடுத்துத் தாட்டி உட்டுட்டாரு. நம்மூரு மரியாதை அது. ஊட்டுக்கு வந்த புள்ளையை மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இவங்க அதைப் போயி 'கிளையண்டு பாராட்டு'ன்னு கடைசிப் பக்கத்துல அச்சடிச்சுட்டாங்க!

ஏன் இப்படி ஆவுது? புள்ளைங்களுக்கு மூளை இல்லீன்னு சொல்ல மாட்டேன். மார்க்குப் போடறவரு வாத்தியாரு, கேடு வந்தா அனுபவிக்கறவரு மில்லுக்காரரு. பொறவு நீ யாருக்குன்னு எழுதுவ? வாத்தியாரு கண்ணுக்குத்தான் எழுதுவ. உன்ற ரோசனை தப்பாப் போனா உனக்கு என்ன போவும்? ஒண்ணும் போவாது. அவருக்கு ஒரு லோடு கெழங்கு போவும்.

கைக்காசு போவுமுன்னு தெரிஞ்சு எறங்குன டீமு கதையும் நம்மூர்லயே இருக்குது. சேலத்துல மாணிக்கம் செட்டியாருன்னு கருவாட்டு யாவாரி. யாவாரத்துக்குக் கேரளாவுக்குப் போயி வந்து, அங்க மரவள்ளிக் குச்சிக்கெழங்கு மாவைப் பாத்தவரு. பினாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யற பக்குவம் தெரியும். ரெண்டாம் உலகப்போர்ல மலாயாச் சரக்கு வர்றது நின்னு போச்சு. 1943ல ரெண்டு பேரும் சேந்து இங்க கெழங்குல ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. கருவாட்டுக்காரரும் பினாங்குக்காரரும்! எந்தக் காலேஜுல இப்படி ஒரு டீமு போடுவாங்க? நீங்க அஞ்சு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ஆஸ்டல், ஒரே டீக்கடை. ஒருத்தனுக்குத் தெரியாதது அஞ்சு பேருக்கும் தெரியாது.

பொறவு அதே ஜவ்வரிசிக்கு நாயமான வெலை கெடைக்காம மில்லுக்காரங்க தவிச்சாங்க. 1981ல சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. மூட்டை அங்க போவும், சாம்பிள் பாப்பாங்க, யாவாரிங்க ரகசிய டெண்டர்ல வெலை கேப்பாங்க. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடைச்சுது. முட்டையும் அப்படித்தான். யாவாரி வாயில வந்ததுதான் வெலைன்னு இருந்துச்சு. கோழித் தொழில்காரரு பி.வி. ராவும் பண்ணைக்காரங்களும் ஊரூராப் போயிக் கூட்டம் போட்டு 1982ல என்.இ.சி.சி.யைக் கட்டுனாங்க. "என் முட்டை, என் வெலை, என் வாழ்வு"ன்னு முழக்கம். அதுவும் டீம் ப்ராஜெக்டுதான். ஆனா செமஸ்டரோட முடியல.

உன்ற டீமு கதைக்கு வருவோம். அஞ்சு பேருல வேலை செய்யறது எத்தனை பேரு? சிரிக்காத, சொல்லு. ரெண்டு பேரு செய்வீங்க. ஒருத்தன் அட்டைப்படம் போடுவான். ஒருத்தனுக்குக் காச்சல். இன்னொருத்தனைப் பரிசளிப்பு அன்னைக்குத்தான் பாப்பீங்க. அதுக்குப் போயி வெசனப்படாத. திருச்செங்கோட்டுல நாலஞ்சு பேரு கூட்டுச் சேந்து போர் போடற ரிக் வண்டி வாங்கி வடநாட்டுக்கு அனுப்பறாங்கல்ல? அங்க வண்டியோட கெடந்து புழுதி திங்கறவன் ஒருத்தன், ஊட்டுல இருந்து கணக்குக் கேக்கறவன் ஒருத்தன். அவங்க எப்படிச் சண்டை போட்டும் பிரியாம இருக்கறாங்கன்னு போயிக் கேளு. உன்ற புஸ்தகத்துல அந்தப் பாடம் இருக்காது.

போவோணும்னு முடிவு பண்ணிட்டயா? செரி, போ. ஆனா சீசன்ல போ. மில்லு மூடிக் கெடக்கறப்ப போயி மொதலாளி ரூமுல காப்பி குடிச்சுட்டு வராத. மொத வாரம் வாயே தொறக்காத. சும்மா நில்லு. லாரி டிரைவருகிட்டப் பேசு, களத்துல ஜவ்வரிசி காயப் போடற அம்மணிங்ககிட்டக் கேளு. மழைக்கு மூட்டம் போட்டா மொதல்ல மானத்தைப் பாக்கறது அவங்கதான், மேனேஜரு இல்ல. பெரிய மாத்தமெல்லாம் சொல்ல வேண்டாம். வராத பாக்கி யாரு யாருகிட்ட நிக்குதுன்னு ஒரு சுத்தமான நோட்டுப் போட்டுக் குடு. மாமன் மனசாரச் சந்தோசப்படுவாரு. வாத்தியாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி, பாதி மார்க்கை மாமன் கையில குடுக்கச் சொல்லு. ஆறு மாசம் கழிச்சுப் போயி, அந்த நோட்டுல இன்னும் எழுதறாங்களான்னு பாத்துட்டுப் போடட்டும்.

கசக்குதா? கசக்கும். மாமன் மார்க்குல கறாரு, சொல்லிப்புட்டேன்.

வெடியால நேரமே கெளம்பு. அப்பறம் அந்தப் பளபளப்பு ஷூவை இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போ சாமி. பேக்டரிக்குள்ள பூராத் தண்ணி.