ஓரியின் அம்பும் ஒரு அடி டைலும்

கொல்லிமலையில் வீடு கட்டுகிறவர்கள் எஸ்டிமேட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் மொத்தம் 70. குஜராத்தின் மோர்பியில் சுட்டெடுத்த டைல்கள் நாமக்கல் கடை வரை கீறல் இல்லாமல் வந்து, இந்த எழுபதில் இரண்டு உடைந்தன. “ரெண்டுதானுங்களே” என்றார் மினி லாரி டிரைவர். மனுஷன் என்ன இப்படிப் பேசுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் உட்கார்ந்த இடத்திலேயே நான் ஒன்பதை உடைப்பேன் என்று அப்போது தெரியாது.

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். செம்மேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு. சமையலறை அகலம் ஏழடி, நீளம் பத்தடி. ஒரு அடிக்கு ஒரு அடி டைல் எடுத்தால் ஏழு பத்து எழுபது. வெட்டு வேலையே கிடையாது. “வளைவுக்கு ஒண்ணு, சரியா எழுபது” என்று வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கடைக்காரர்தான் பிடிவாதமாக எண்பதாகக் கட்டிக் கொடுத்தார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சேந்தமங்கலத்திலிருந்து வர வேண்டிய மேஸ்திரி, “ஆடி பதினெட்டு போகட்டுங்க வாத்தியாரய்யா” என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆடி 17, 18-ல் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு இங்கே விழா. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிற கூட்டத்தில் மலைப்பாதையே நகராது. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. டைல்களைத் தரையில் சும்மா பரப்பிப் பார்த்தேன். ஏழாவது டைலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற சந்து!

டேப்பைத் திருப்பி மில்லிமீட்டர் பக்கம் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு அடி என்றால் 304.8 மில்லிமீட்டர். நாம் ஒரு அடி டைல் என்று சொல்வது வெறும் 300. ஏழு டைலுக்கு 2,100, ஏழடிக்கு 2,133. நடுவே இரண்டு மில்லி ஸ்பேசர் ஆறு வைத்தாலும் 21 மில்லி மிச்சம். கொத்தனார் அடியில் கட்டுகிறார், கம்பெனி மில்லியில் சுடுகிறது, இடையில் கணக்கு வாத்தியார் மாட்டிக்கொண்டார். நீளவாக்கில் மிஞ்சிய சந்து மேடைக்கு அடியில் போய்விடும். அகலத்துக்குத்தான் இரண்டு சென்டிமீட்டர் பட்டையாகப் பத்துத் துண்டு வேண்டும்.

பக்கத்து வீட்டில் நாலு இஞ்ச் கட்டிங் மெஷின் இரவல் கிடைத்தது. கோடு போட்டேன், சுவிட்சைத் தட்டினேன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. முதல் டைலில் பிளேடு நுழைந்த இடத்திலேயே பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்தது. இரண்டாவது கடைசி வரை ஒழுங்காக வந்து, இன்னும் ஒரு விரல்கடை இருக்கும்போது மூலையோடு பிய்ந்தது. மூன்றாவதில் வெட்டு சுத்தம், பட்டையைக் கையில் எடுத்ததும் மூன்றாக முறிந்தது. மற்றவையும் இந்த மூன்று வழிகளில் ஏதோ ஒன்றில் போய்ச் சேர்ந்தன. முகத்தில் துணி கட்டாமல் உட்கார்ந்ததில் தலை முதல் மார்பு வரை வெள்ளைத் தூசி. நுரையீரலுக்கு ஆகாத சிலிக்கா அது. வீட்டம்மா பார்த்துவிட்டு, “கோயிலுக்குப் போகாமலே விபூதி அபிஷேகமா?” என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்த பாட்டி ஒருவர், “சாணி போட்டு மெழுகினா செவுரு வரைக்கும் தானா போயிரும் சாமி” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து விழா மைக்கில் ஓரியின் பெருமை மலை முழுக்கக் கேட்டது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு, இத்தனையையும் ஒரே அம்பால் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பாம். இங்கே ஒரே ஒரு டைலைத் துளைக்க ஒன்பது டைல்.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வந்தார். முதலில் பிளேடைப் பார்த்தார். “இது கான்கிரீட்டு அறுக்கறதுங்க. டைலுக்குப் பல்லு ஆகாது, விளிம்பு வளையம் மாதிரி முழுசா இருக்கோணும்.” பிறகு சந்தைப் பார்த்தார். “இதுக்கு எதுக்குங்க துண்டு? ரெண்டு பக்கமும் ஒரு சென்டி விட்டா ஸ்கர்ட்டிங் மறைச்சுக்கும்.” சுவரடியில் ஒட்டுகிற அந்தப் பட்டைக்கு எட்டு மில்லி டைல், பின்னால் மூன்று மில்லி சிமென்ட். கூட்டிப் பார்த்தேன். சரியாக மறைகிறது. முப்பது வருஷம் பையன்களுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அந்த ஸ்கர்ட்டிங்கையும் என் உடைசல்களிலிருந்தே எடுத்தார். மெஷினைத் தொடவில்லை. தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பியும் நடுவே குன்றிமணி அளவுச் சக்கரமும் வைத்த கைக் கட்டர். டைலை வைத்து, மேலிருந்து கீழே சீராக ஒரு இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத கீறல். கைப்பிடியை அமுக்கினார், ‘டக்’. நூல் பிடித்த மாதிரி இரண்டானது. “இன்னொரு தடவை இழுத்தா ஆழமா விழுமே?” என்று கேட்டேன். “ரெண்டாந் தடவை இழுத்தா ஓரம் பொரிஞ்சிருங்க. கீறறதோட சரி, மிச்சத்தை டைலே பாத்துக்கும்.” ஓரியும் இரண்டாவது அம்பு விட்டதாகத் தகவல் இல்லை. ரெண்டு சென்டிப் பட்டை மட்டும் இந்தக் கட்டரிலும் ஒழுங்காக முறியாதாம். பைப் வருகிற மூலைக்கு மட்டும் மெஷின் எடுத்தார். கோட்டின் மேல் டேப் ஒட்டி, முதலில் மேலாக ஒரு ஓட்டு ஓட்டி, பாதியில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முடித்தார். வெட்டின ஓரத்தைத் தரைப்பக்கம் திருப்பி, கம்பெனி ஓரத்தை மேலே வைத்து ஒட்டியதில், உடைந்த டைல் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்பதில் இரண்டு வளைவுக்கு, ஒன்பது எனக்கு. மீதி 69. தரைக்கு ஒன்று குறைந்தது. உடைந்ததில் எட்டு ஸ்கர்ட்டிங்குக்குப் போக, ஓரம் பொரிந்த ஒன்பதாவதை மேஸ்திரி கேஸ் சிலிண்டர் நிற்கிற மூலையில் பதித்துவிட்டார். சிலிண்டர் மாற்ற வருகிற பையன் மட்டும் அதைப் பார்த்திருக்கிறான்.