உலராத உலர் சலவையும் தானாக நடக்காத தானியங்கியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தெருவுக்குத் தெரு நடந்துவந்த காசு போட்டுத் துவைக்கும் கடைகளை, அவற்றின் பெயர்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம் என்று நம்பி ஆராயப் புகுபவர் முதல் நாளிலேயே குழம்பிப்போவார். அங்கே 'தானியங்கி' எனப் பெயர் பெற்ற எந்திரத்தின் எதிரில் ஒருவர் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். 'சுயசேவை' எனப்பட்டதில் வேலை செய்பவரும் அந்த வேலைக்குக் காசு கொடுப்பவரும் ஒருவரே. 'உலர் சலவை' எனப்பட்டதிலோ துணி நன்றாகவே நனையும். பெயர் வைத்தவர்கள் எந்திரத்தை மட்டும் பார்த்து வைத்துவிட்டார்கள். மூட்டையைச் சுமந்து வந்தவர் அவர்கள் கண்ணில் படவில்லை.

இவ்வகைக் கடைகளில் முதலாவது எனப் பரவலாகக் குறிப்பிடப்படுவது, 1934 ஏப்ரல் 18 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் திறக்கப்பட்ட 'வாஷடீரியா' ஆகும். உணவைத் தாமே எடுத்துவந்து உண்ணும் 'கஃபடீரியா'வின் வாலை வெட்டி, 'வாஷ்' என்ற தலையோடு ஒட்டிச் செய்த பெயர் அது. பொருளாதாரப் பெருமந்தத்தால் மின் சலவை எந்திரம் வாங்க இயலாத குடும்பங்களுக்கு, நான்கு எந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது அக்கடை. தண்ணீரும் மின்சாரமும் கடைக்காரருடையவை. அழுக்கு, சோப்பு, உழைப்பு ஆகிய மூன்றும் வாடிக்கையாளருடையவை. வாடகை வாங்க அப்போது ஆள் இருந்தார்; பின்னாளில் அந்த ஆளை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் ஒரு காசுத்துளையை வைத்தபோதுதான் இத்தொழில் வயதுக்கு வந்தது எனலாம்.

1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எந்திரம் துவைத்தல், அலசல், பிழிதல் ஆகியவற்றை ஒரே தொட்டிக்குள் முடித்தது. அதைத் தரையோடு சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இல்லையெனில் பிழியும் வேகத்தில் துணியோடு அதுவும் புறப்பட்டுவிடும். அதன் முகப்பில் வட்டமான கண்ணாடிச் சன்னல் இருந்ததால், தம் உள்ளாடைகளைப் பொதுமக்கள் நடுவே ஒரு காட்சியாக உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் மனித வரலாற்றில் முதன்முறையாகத் தோன்றியது. 'லாண்ட்ரோமாட்' என்ற சொல்லோ, 1940களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் சலவை எந்திரத்துக்கு வைத்த வணிகப்பெயராகத் தொடங்கிப் பிற்பாடு கடைக்கே ஆகிவந்தது. சலவையையும் தானியங்கியையும் இணைத்து இப்பெயரை ஆக்கியவர் என அறியப்படும் ஜி. எட்வர்ட் பென்ட்ரே, 1930இல் அமெரிக்கக் கோளிடைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். கோள்களை எட்டுவதற்கென அமைந்த அச்சங்கம் 1933இல் ஸ்டேட்டன் தீவில் ஏவிய ராக்கெட் ஏறத்தாழ 250 அடி ஏறித் தொட்டி வெடித்துக் கடலில் விழுந்தது. அவர் அமைத்த சொல்லோ உலகின் பாதி நாடுகளைச் சுற்றிவந்துவிட்டது. 1938இல் நியூயார்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் புதைத்த, 6939ஆம் ஆண்டில் திறக்கப்பட வேண்டிய 'காலப் பேழை'யின் பெயரும் அவர் வைத்ததுதான். அன்றாடப் பொருள்களை அடைத்து மூடி, எதிர்கால மனிதருக்காக மண்ணுள் இறக்கிய உலோகக் குழாயே காலப் பேழை எனப்படுவது.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதை ஆங்கிலத்தில் 'சலவை' என்று சொல்வதற்கு, சிகாகோவின் அல் கபோன் காசுச் சலவைக் கடைகள் நடத்தியதே காரணம் என்றொரு கதை ஓய்வின்றி வலம்வருகிறது. ஃபோர்ட் வொர்த் கடை திறந்த நாளில் கபோன் வரி ஏய்ப்புக்காக அட்லாண்டாச் சிறையில் இருந்தார் என்பதும், அச்சொல்லாட்சி பரவலானது 1970களின் வாட்டர்கேட் விவகாரத்தின்போதுதான் என்பதும் இக்கதையின் ஆர்வலர்களைத் தளர்த்தியதில்லை. அதே 1934இல் அல்கட்ராஸ் சிறைக்கு மாற்றப்பட்ட கபோனுக்கு அங்கே சலவைக்கூடத்தில் வேலை தரப்பட்டது என்பதை அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லிவைக்கலாம்.

பிரிட்டனின் முதல் கடை 1949 மே 9 அன்று லண்டனின் குவீன்ஸ்வே தெருவில், ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம் என்ற அளவிலேயே திறக்கப்பட்டது. பெயர் அங்கே 'லாண்டரெட்' என மென்மையாயிற்று. ஆளை எழுப்பிவிட மனம் வராத அந்நாட்டில் 'சர்வீஸ் வாஷ்' என்ற ஏற்பாடு வேரூன்றியது. அதாவது மூட்டையைப் பணியாளரிடம் ஒப்படைத்துச் சென்றால், அவரே துவைத்து உலர்த்தி மடித்து வைப்பார். சுயசேவைக் கடையில் பிறர் சேவையைத் தனிக்கட்டணத்துக்கு விற்பதில் உள்ள முரண் எவரையும் உறுத்தவில்லை. தெருவின் எல்லாப் படுக்கை விரிப்புகளையும் மடிக்கும் ஒருவருக்கு அத்தெருவைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்பதை, 1985இல் தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடர் நன்றாக உணர்ந்திருந்தது. அதில் ஜூன் பிரவுன் நடித்த டாட் காட்டன் என்னும் சலவைக்கடைப் பணியாளர் பல பத்தாண்டுகள் நிலைத்துநின்றார். அதே ஆண்டில் ஹனீஃப் குரேஷி எழுதி ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ் இயக்கிய 'மை பியூட்டிஃபுல் லாண்டரெட்' திரைப்படம் வந்தது. அதே ஆண்டில்தான் நிக் கேமன் என்ற இளைஞர் லீவைஸ் விளம்பரத்துக்காகச் சலவைக்கடையொன்றில் எல்லார் முன்னிலையிலும் ஜீன்ஸைக் கழற்றி எந்திரத்தில் போட்டுவிட்டு அரைக்கால் உள்ளாடையோடு உட்கார்ந்தார். ஒரே ஆண்டில் மும்முறை கலையில் இடம்பெற்ற இக்கடைகளின் எண்ணிக்கை அதற்குள் இறங்குமுகம் கண்டிருந்தது. வீட்டுக்கு வீடு எந்திரம் வந்துவிட்ட பிறகே மக்களுக்கு இக்கடைகள் மீது காதல் பிறந்தது.

இக்கடைகளின் சமூக ஒழுங்கை அறிய விரும்புவோர்க்கு முதன்மைச் சான்றுகளாக இருப்பவை சுவரில் ஒட்டிய அறிவிப்புகள். கல்வெட்டாய்வாளர் கொள்ளும் முறைப்படி, ஒரு செயல் தடை செய்யப்பட்டிருந்தால் யாரோ அதைச் செய்திருக்கிறார் என்று கொள்ள வேண்டும். 'எந்திரத்தில் சாயம் தோய்க்காதீர்' என்பதற்குப் பின்னால், வெள்ளைச் சட்டைகளைப் போட்டு இளஞ்சிவப்புச் சட்டைகளாக எடுத்த ஒருவர் இருக்கிறார்; 'ரப்பர் விரிப்புகளை உலர்த்தியில் போடாதீர்' என்பதற்குப் பின்னால் தீயணைப்பு வண்டியே இருக்கலாம்.

அறிவிப்பாக எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது. எந்திரம் நின்றுவிட்டது, உள்ளே துணி இருக்கிறது, உரியவரைக் காணவில்லை, வேறு எந்திரம் காலியில்லை எனும் நிலையில், காத்திருப்பவர் அந்நியரின் ஈரத்துணியை வெளியே எடுக்கலாமா என்பதே அக்கேள்வி. முதல் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு உரியது. அடுத்துப் பிறர் காதில் விழுமளவு ஒரு பெருமூச்சு. பிறகு, 'இது யாருடையது?' என்று குறிப்பாக எவரையும் நோக்காமல் கூரையிடம் கேட்கப்படும். இக்கேள்வியின் நோக்கம் விடை பெறுவதன்று, பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளைத் தயார் செய்வதே. இவ்வளவும் முடிந்தபின், சக்கரம் வைத்த கம்பிக்கூடையை இழுத்துவந்து இரு விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்குவார். மூட்டையில் இருபது உருப்படிகள் இருந்தாலும், அவற்றுள் மிக அந்தரங்கமானது கையில் தொங்கும் அந்த நொடியில்தான் உரியவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார் என்பதை, அனுபவமுள்ளோர் ஐயத்துக்கு இடமற்ற இயற்கை விதியாகவே கருதுகின்றனர்.

உலர் சலவை என்பது தண்ணீருக்கு மாற்றாக வேறொரு கரைப்பானில் துணியை முக்கி எடுக்கும் முறை. தண்ணீர் படாததை உலர்ந்தது என்று கொள்வது, மழையில் நனையாமல் கிணற்றில் விழுந்தவரை உலர்ந்தவர் என்பதற்கு ஒப்பாகும். நியூயார்க்கின் தாமஸ் ஜென்னிங்ஸ் 1821இல் இத்தகைய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். 1836இல் காப்புரிமை அலுவலகத்தில் பற்றிய தீயில் அந்த ஆவணமும் எரிந்துபோனதால், அவர் எப்படிக் கறை எடுத்தார் என்பது சாம்பலோடு போயிற்று. பின்வந்தோர் பயன்படுத்திய பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் தீப்பிடிப்பவை. எனவே தீப்பிடிக்காத பெர்குளோரோஎத்திலீன், தொழில் வழக்கில் 'பெர்க்', வந்த பிறகே இவ்வேலையைப் பொதுமக்கள் கையில் கொடுக்கும் துணிவு பிறந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்ஜ், வேர்ல்பூல் முதலிய நிறுவனங்கள் காசு போட்டால் ஓடும் உலர் சலவை எந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 'நார்ஜ் வில்லேஜ்' கடைகளை, வாசலில் கம்பத்தின் மேல் நின்ற புள்ளிவைத்த பெரும் பந்து தொலைவிலேயே காட்டிக்கொடுத்தது.

ஒரு தவணைக்கு எட்டுப் பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்பது கணக்கு. தேர்ந்த சலவைத் தொழிலாளி கறையை அதன் குலம் கோத்திரம் விசாரித்துத் தனித்தனியே நீக்குவார், இறுதியில் இஸ்திரி போடுவார். காசு எந்திரத்தில் இவ்விரண்டும் கிடையா. பெர்க் பாலிஸ்டைரீன் பொத்தான்களைக் கரைத்துவிடும், வினைல் தோல் ஒட்டிய ஆடையை அட்டைபோல் விறைக்கச் செய்யும். ஆகவே, கறை தங்கிப் பொத்தான் போன சட்டையைச் சுயசேவையின் முழுப் பயனாகக் கொண்டு சிலர் வீடு திரும்பினர். இதில் சிரிப்பதற்கில்லாத பகுதியும் உண்டு. மெத்தைபோல் தடித்த போர்வைகளிலும் உறங்கும் பைகளிலும் கரைப்பானின் ஆவி தங்கி மயக்கத்தை, சில வேளை அதனினும் கொடியதை, விளைவிக்கும் என்பதால், அவற்றை நன்கு காற்றாட விட வேண்டும், காரில் கொண்டுசெல்லும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று எச்சரிக்க நேர்ந்தது. உலர் சலவையிலிருந்தே பெர்க்கைப் பத்தாண்டுகளில் விலக்கும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் இறுதி செய்தது.

இவ்வளவையும் இயக்கியது சில்லறை. எந்திரத்திலிருந்து நாக்குப்போல் நீண்டிருந்த உலோகத் தட்டின் பள்ளங்களில் காசுகளை வரிசையாகச் செருகி, அந்த நாக்கை உள்ளே தள்ளி இழுக்க வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் நாக்கு அசையாது, கெஞ்சுதலும் குத்துதலும் பயன்தரா. எனவே அடுக்ககவாசிகளின் வாழ்க்கையில் 25 சென்ட் காசு தன் முகமதிப்பைக் கடந்த தகுதி பெற்றது. நாற்பது காசுகள் சுருட்டிய பத்து டாலர்ப் பொட்டலத்தை வங்கியில் வாங்கி வந்தவர், பெட்டகத்தில் நகை வைப்பதுபோல் அதை ஒளித்து வைத்தார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றாக ஐம்பது வகைக் கால் டாலர் காசுகள் 1999 முதல் 2008 வரை வெளிவந்தபோது, காசு சேர்ப்போரும் துணி துவைப்போரும் ஒரே உடம்பில் குடியிருந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உள்நாட்டுப் போர் மூண்டது. இன்று பல கடைகளில் துளை அடைபட்டு, அட்டையும் கைப்பேசிச் செயலியும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

பென்ட்ரே பெயரிட்ட காலப் பேழைக்குள் எதிர்கால மனிதருக்காக வைக்கப்பட்ட பொருள்களுள் கொஞ்சம் அமெரிக்கச் சில்லறையும் அடங்கும். 6939இல் அதைத் திறப்பவருக்கு ஒரு தவணை துவைக்கக் காசு இருக்கும். சோப்பை மட்டும் அவரே கொண்டுவர வேண்டும்.