அசனத்தில் வந்த எலும்பு

புனித வெள்ளி மும்மணி ஆராதனையில் ஒரு தடவைகூடத் தூங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பகல் 12 முதல் 3 வரை, ஏழு வார்த்தைகள். இரண்டாவதில் எனக்குத் தலை சாயும். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தையில் விழிப்பு வந்துவிடும். பக்தியெல்லாம் இல்லை, எனக்கும் தொண்டை வறண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறுதல் ஐத்திகுதான். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த இந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். செத்துவிட்டான் என்று தூக்கினார்கள், பிழைத்துக்கொண்டான். பவுல் மறுபடி மாடியேறி விடியவிடியப் பேசினார். எங்கள் ஐயர்மாருக்குக் கதையில் பிடித்த இடம் அதுதான்.

அதற்காக என்னைக் கவனமில்லாதவன் என்று சொல்லிவிடாதீர்கள். போன அசனத்தில் கறி வாளியோடு வந்த கமிட்டி அண்ணாச்சி பக்கத்து இலைக்கு ஈரல் போட்டார், எனக்கு எலும்பு. அவர் சட்டை நிறம், கரண்டி திரும்பிய தினுசு, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று மட்டும் கேட்காதீர்கள்.

கசப்பான வேர் முளைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது எபிரேயர் 12. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

யோனாவையும் துணைக்கு இழுத்துப் பார்த்தேன். 1,20,000 பேருக்கு மேல் இருந்த நினிவே தப்பித்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். ஓர் ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்குச் சாகிறேன் என்றவர். கடைசியில் சமாதானமானாரா என்று புத்தகத்திலேயே இல்லை. தீர்க்கதரிசிக்கே இந்தக் கதி என்றால்...

"அவரு வெயில்ல காய்ஞ்சாரு. நீங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து எலும்பு கணக்கு பாக்கீங்க" என்றாள் மனைவி.

சரி, ஜெபிப்போம் என்று முழங்காலிட்டேன். 'ஆண்டவரே, அண்ணாச்சிக்கு நல்ல புத்தியைக் கொடும்.' இது ஜெபமில்லை, கம்ப்ளைன்ட் என்றாள்.

இப்போதெல்லாம் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறேன். பின்னாலேயே ஓர் அடைமொழி நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அது வெளியே விழாமல் காவல் காப்பதில், ஆமென் வரை தூக்கமே வருவதில்லை.

உங்களுக்கும் ஒரு கறி வாளிக்காரர் இருப்பாரே? இன்று ராத்திரி பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள்.